முதல் பெட்டியின் இருபது ஸ்லைடுகள்

அன்புள்ள பெரியவனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் மூன்று பேரும் ஒரே கூரைக்குள் இருக்கிறோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம், அதையே நலம் என்று எடுத்துக்கொள். நீ கப்பலில் வேளைக்குத் தூங்கிச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாயா என்று அடுத்த துறைமுகத்திலிருந்து எழுது. இந்த முறையும் கையெழுத்து சின்னவளுடையது, வார்த்தை என்னுடையது. பகல் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்துவிட்டு வந்தால் சாயங்காலம் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுப் படுத்தபடி நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். காலையில் ஒரு வரி விடாமல் படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன், லேபில் எந்தத் தாளுக்கும் அப்படித்தான், பெற்ற பிள்ளைக்கு எழுதுகிற தாள் என்பதற்காக அதில் சலுகை கிடையாது.

மாமாவுக்கு என்ன நோய் என்று உன்னோடு எஞ்சின் அறையில் இருப்பவர் கேட்டதாக எழுதியிருந்தாய். மூளையின் அடியில் நகக்கண் அளவுக்கு ஒரு பட்டை இருக்கிறது, அதில் இருக்கிற செல்கள் சாகச் சாக கை நடுங்கும், நடக்கும்போது அடி குறுகும், முகத்துக்குச் சிரிக்க மறந்துபோகும் என்று சொல். உன் அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டால், எலியின் மூளையில் அதே பட்டையில் எத்தனை செல் மிச்சம் இருக்கிறது என்று இருபது வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று சொல். போன கடிதத்தில் அவசரத்தில் பாதிதான் எழுதினேன். அறுபது எலி, எல்லாவற்றுக்கும் நோயை வரவழைத்து, முப்பதுக்கு அந்த மாத்திரை, முப்பதுக்கு வெறும் உப்புத் தண்ணீர். மாத்திரை புதிதாகக் கண்டுபிடித்ததில்லை, வேறொரு நோய்க்கு என்று மருந்துக்கடையில் விற்பதுதான். ஒரு எலிக்கு ஒரு ஸ்லைடு, அதன் மூளையில் ஒரு சீவலை ஒட்டிய கண்ணாடி, பெட்டிக்கு இருபதாக மூன்று பெட்டி. எந்த ஸ்லைடு எந்த எலியுடையது என்று எண்ணுகிற எனக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் ஆசை உள்ளே புகுந்து கண்ணைக் கெடுத்துவிடும். எலி ரோமம் பட்டாலே தும்முகிறவனை எலி லேபில் வேலைக்கு வைத்த புண்ணியத்தில் நம் தும்மல் லீவில் போய்விட்டான், வேறு ஆளும் இல்லை, அதனால் போன கோடை லீவில் சின்னவளைக் கூட்டிப்போய் எல்லா ஸ்லைடுக்கும் மேலே புது எண் ஒட்டச் சொல்லி, எது எது என்ற பட்டியலை அவள் கையாலேயே எழுதி உறையில் ஒட்டி வைத்தோம். எட்டு மாதம் எண்ணினேன். மூன்று வாரத்துக்கு முன்னால் நம் சாப்பாட்டு மேஜையில் வைத்துத்தான் உறையைப் பிரித்தேன். இரண்டாம் பெட்டியில் பெரிதாக ஒன்றும் இல்லை, மூன்றாம் பெட்டியிலும் இல்லை, முதல் பெட்டி எல்லாவற்றையும் தூக்கி நிறுத்திவிட்டது. மாத்திரை சாப்பிட்ட எலிகளுக்குப் பட்டை அப்படியே இருந்தது. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாத்திரை வேலை செய்கிறது. இருபது வருஷத்தில் நான் மேஜையில் தலையை வைத்து அழுதது அன்றைக்குத்தான்.

அதற்குப் பிறகு உன் மாமா என்னை விட்டால்தானே. அக்கா, எலிக்குக் காட்டுற கருணையில பாதிய எனக்குக் காட்டு, நானும் வால் மொளைக்குமான்னு பாக்குறேன் என்று நாளுக்கு நாலு தரம். முறைப்படி மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும், அதுவரை அவன் கை எங்கே இருக்கும், தையல்காரன் கத்தரிக்கோலைத் தொட்டு ஒரு வருஷம் ஆகிறது. டாக்டரிடம் பேசினேன். கடையில் விற்கிற மாத்திரைதானே, நீங்களே சொல்லும்போது நான் என்ன சொல்வது என்றார். ஆனால் இத்தனை நாள் அவன் கைகாலை ஓட்டி வந்த பழைய மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும், அதனால் பழையதைப் பத்து நாளில் படிப்படியாகக் குறைத்து முந்தாநாளோடு நிறுத்தியாயிற்று, நேற்றிலிருந்து புதியது கொடுக்கிறேன். கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறான். மாறுகிற சமயத்தில் அப்படித்தான் இருக்கும், பிடிக்க நாள் ஆகும், நீ அங்கே இருந்துகொண்டு மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உன் பழைய ஸ்வெட்டரைத் தும்மலுக்குக் கொடுத்துவிட்டேன், தேடாதே. எஞ்சின் சத்தத்தில் காதில் பஞ்சு

அண்ணா, இதுவரைக்கும் அம்மா சொன்னது. காதில் பஞ்சு என்று சொல்லும்போது மாமாவின் அறையில் டம்ளர் விழுந்தது, அம்மா எழுந்து ஓடினாள், மிச்சத்தைக் காலையில் சொல்கிறேன் என்றாள். இனிமேல் நான் எழுதுகிறேன். குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன், அட்டையை மடியில் வைத்திருப்பதால் எழுத்து கோணலாகப் போகிறது. அம்மா காலையில் படித்துக் கையெழுத்துப் போட்டதும் இந்தத் தாள்களை நடுவில் செருகி உறையை ஒட்டிவிடலாம் என்று இருக்கிறேன். உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. முதல் பெட்டி பொய். நான்தான் அதைப் பொய்யாக்கினேன்.

அன்றைக்கு லேபில் அம்மா எலி அறைக்குள் போய்விட்டாள், நான் ஜன்னலோரம் இருந்த மேஜையில் தனியாக இருந்தேன். எனக்குச் சொன்ன வேலை சின்னது. ஸ்லைடின் ஓரத்தில் எழுதியிருக்கிற எலி எண்ணைப் பார்த்து, பட்டியலில் எழுதி, அதன்மேல் புது எண் தாளை ஒட்ட வேண்டும். முதல் பெட்டியின் ஸ்லைடுகளில் கோந்து வழிந்து பிசுபிசு என்று இருந்தது, தாள் ஒட்டவே இல்லை, ஒட்டினாலும் சுருண்டு வந்தது. அம்மா ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துக் கண்ணாடி துடைப்பதைத் தினமும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றாகத் துடைப்பதற்குப் பதிலாக இருபதையும் ஒரு தட்டில் போட்டு ஸ்பிரிட்டை ஊற்றினால் ஒரே தடவையில் முடியுமே என்று எனக்கு மூளை வேலை செய்தது. ஊற்றிவிட்டுப் புது எண்களை வெட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் தட்டு முழுக்க நீலம். லேபில் பென்சிலால்தான் எழுத வேண்டும், மை கரைந்துவிடும் என்று அம்மா சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள், தும்மல் அண்ணன் அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் பேனாவால் எழுதியிருக்கிறார். மற்ற இரண்டு பெட்டியும் பென்சில். கையை விட்டு எடுத்தேன், இருபது ஸ்லைடும் பளபள என்று வெறும் கண்ணாடியாக இருந்தது, ஒன்றில்கூட எண் இல்லை.

அப்போதே அம்மாவைக் கூப்பிட்டிருந்தால் இருபது எலிதான் வீணாகியிருக்கும். எலி அறையில் அம்மா எலிகளோடு பேசிக்கொண்டிருந்தது கேட்டது, வாடா ராஜா, ஒரே ஒரு ஊசி, கடிக்காத என்று. எனக்குக் கூப்பிட வாய் வரவில்லை. உனக்கு ஞாபகம் இருக்கிறதா, முன்னால் அம்மாவோடு வேலை பார்த்த நெட்டையான ஆள், எண்ணாமலேயே எண் எழுதினார் என்று வேலையை விட்டு அனுப்பினார்களே. அவர் பெண் கல்யாணத்துக்குக்கூட அம்மா போகவில்லை. பொய்யா நம்பர் எழுதுறவன் வீட்டுல என்னால தண்ணி குடிக்க முடியாது என்றாள். அதுதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெட்டியின் மூடிக்கு உள்ளே எந்த எலிக்கு மருந்து, எதற்கு உப்புத் தண்ணீர் என்று தாள் ஒட்டியிருந்தது, பத்துக்குப் பத்து. நான் ஒரு ஸ்லைடை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தப் பட்டைக்குச் சாயம் ஏற்றியிருப்பதால் மைக்ராஸ்கோப் இல்லாமலே மெல்லிய கோடு மாதிரி தெரியும். சிலதில் கோடு கருகரு என்று இருந்தது, சிலதில் வெளுத்துப்போயிருந்தது. மருந்து பட்டையைக் காப்பாற்றும் என்று அம்மா சொல்லியிருக்கிறாள், அப்படியானால் கருப்பாக இருப்பவைதான் மருந்து சாப்பிட்ட எலி, வெளுத்தவை உப்புத் தண்ணீர் என்று பிரித்தேன். கருப்பு பத்து ஒரு பக்கம், வெளுப்பு பத்து ஒரு பக்கம். மூடியில் இருந்த எலி எண்களை அந்தப்படியே பட்டியலில் எழுதிப் புது எண்ணை ஒட்டினேன். அண்ணா, சத்தியமாக அப்போது அது பொய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கணக்குப் போட்டுச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அன்றைக்குக் காலையில்தான் மாமா என் பாவாடைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்து, ஊசியில் நூல் கோர்க்கவே முடியாமல், என் கையே இப்ப மிஷின் ஆயிடுச்சு பாரு, பெடல் மிதிக்க வேணாம் கரண்ட் வேணாம், துணிய மட்டும் யாராச்சும் நகத்தினா போதும் என்று சிரித்தார். நான் நூல் கோர்த்துக் கொடுத்தேன். நூல் கோர்க்கப் பார்த்த அவர் முகம் எனக்குக் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

உறையைப் பிரித்த அன்றைக்கு நானும் மேஜையில்தான் இருந்தேன். அம்மா எண்களைச் சொல்லச் சொல்ல நான்தான் கால்குலேட்டரில் போட்டேன். முதல் பெட்டிதான் காப்பாத்துச்சு, முதல் பெட்டிதான் என்று அம்மா இரண்டு தரம் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் எண்ணுகிறார்கள், நானோ வேலை செய்கிறது என்று முதலிலேயே வைத்துக்கொண்டு பிரித்திருக்கிறேன், அப்புறம் எட்டு மாதம் இல்லை எண்பது வருஷம் எண்ணினாலும் அதுதானே வரும். அம்மா தலையைக் கவிழ்த்து அழுதாள். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, என்னக்கா, ஜெயிச்சுட்டியா, அழுதா தோத்த மாதிரில்ல இருக்கு என்று கேட்டு, என் தலையில் கையை வைத்து, இந்தப் பட்டியல் எழுதின கைக்குத் தங்கத்துல காப்பு போடணும் என்றார். கை தலையில் நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் அம்மா டாக்டரைப் பார்க்கப் போய்விட்டாள். ஒவ்வொரு நாளும் அதற்கு முந்தின நாளைவிடச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது.

இப்போது மாமா எப்படி இருக்கிறார் என்று அம்மா உனக்குச் சொல்லவில்லை. கொஞ்சம் இறுக்கம் என்றாள். நேற்று கட்டிலிலிருந்து தானாக எழுந்திருக்க முடியவில்லை. இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அறை நடுவில் நின்றுகொண்டிருந்தார், ஒரு கால் முன்னால், அப்படியே, எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை, அம்மா பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்தால் மரக்கட்டை மாதிரி இருந்தது. வாயைத் திறக்காமலே, சிலை வச்சுட்டாங்க, மாலைதான் இன்னும் வரல என்றார். பேச்சு அவ்வளவுதான் கேட்டது, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் புரிகிறது. கண்ணைச் சிமிட்டுவதே இல்லை, தண்ணீர் கொடுத்தால் ஓரத்தில் வழிகிறது, சாயங்காலத்திலிருந்து காய்ச்சல். விழுந்த டம்ளர் மாத்திரைத் தண்ணீர். அம்மா பாதியை ஊட்டி, பாதியைத் துடைத்து, தொண்டையைத் தடவிக் கொடுத்து விழுங்க வைத்தாள். டாக்டருக்குப் போன் போட்டாள், ஊரில் இல்லையாம், பழைய மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கலாமா என்று அம்மாவையே கேட்டாராம். அம்மா, வேணாம் டாக்டர், இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம், ஸ்லைடுல நான் என் கண்ணால பாத்திருக்கேன் என்றாள். அதைச் சொல்லும்போது கதவுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். அம்மா பார்த்தது என் கையை, அண்ணா.

அடுத்த மாத்திரை காலை ஆறு மணிக்கு. நீ என்ன செய்யச் சொல்கிறாயோ அதைச் செய்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன்னிடம் சொன்னால் நீ அம்மாவிடம் பக்குவமாகச் சொல்வாய், உன்னை அம்மா அடிக்க மாட்டாள் என்று. இப்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கப்பல் துறைமுகம் சேர இன்னும் பதினேழு நாள் இருக்கிறது, நடுக்கடலில் உன் போன் எடுக்காது. பதினேழு நாளில் எத்தனை ஆறு மணி. நீ இதைப் படித்துவிட்டு ஓடிப்போய்ப் போன் போடும்போது எடுத்துப் பேச மாமா இருப்பாரா என்பதே எனக்குத் தெரியவில்லை. பாதி எழுதிய பிறகு இது புரிகிறது, என் மூளை எப்போதும் இப்படித்தான், ஊற்றிய பிறகுதான் நீலத்தைப் பார்க்கும்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமா மூச்சு விடுவது கேட்கிறது, இழுத்து இழுத்து. அம்மா அவர் கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள், இரண்டு தடவை கதவு வரைக்கும் போனேன். எழுப்பி நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, வாயைத் திறந்தால் அழுகைதான் வரும், அழுதால் பாதிதான் சொல்வேன், மீதியைத் தும்மல் அண்ணன் மேலே போட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. பேனாவால் எழுதியது அவர் தப்பு, ஆனால் ஸ்பிரிட் ஊற்றியதும் பிரித்ததும் மறைத்ததும் நான். எழுதினால் முழுசாகச் சொல்லிவிடுவேன். இதோ முழுசாக எழுதிவிட்டேன். அதனால் இந்தத் தாள்களை நடுவில் ஒளித்து வைக்கப் போவதில்லை. அம்மாவின் தாளோடு சேர்த்து மாத்திரை டப்பாவின் மேலே வைக்கப் போகிறேன், இதை எடுக்காமல் அம்மா மாத்திரையை எடுக்க முடியாது. எடுத்தால் ஒரு வரி விடாமல் படிப்பாள். அலாரத்தை நாலரைக்குத் திருப்பி வைக்கப் போகிறேன். அண்ணா, இனி அம்மா என்னைக் கடிதம் எழுதச் சொல்ல மாட்டாள் என்று நினைக்கிறேன், அதனால் அடுத்த கடிதத்தில் வேறு கையெழுத்து இருந்தால் நீ என்னை அடியோடு வெறுக்காதே.

பெரியவனே, இனி என் கை. மணி நாலு ஐம்பது. எல்லாத் தாளும் படித்தேன். மாத்திரை கொடுக்கவில்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, டாக்டரையும் போனில் எழுப்பியாயிற்று, பழைய மாத்திரையை விழுங்க வைக்க முடியவில்லை, மூக்கு வழியாகக் குழாய் போட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்கிறார். வண்டி வரும்வரை நான் சும்மா இருக்கக்கூடாது, அதனால் எழுதுகிறேன். சின்னவளைக் கன்னத்தில் ஒரு அறை அறைந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும், அதனால் அதையும் எழுதுகிறேன். இப்போது மாமாவின் தலையை மடியில் வைத்துப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கிறாள், நான்கு விரலும் கன்னத்தில் அப்படியே தெரிகிறது.

இரண்டு பெட்டியில் ஒன்றுமில்லை, ஒரு பெட்டியில் மட்டும் மலை மாதிரி வித்தியாசம். வேறு எவனாவது இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால், போய் முதல் பெட்டியில் என்ன கோளாறு என்று பார்த்துவிட்டு வா என்று தாளைத் திருப்பி எறிந்திருப்பேன். என் தம்பி என்பதால் எறியவில்லை. மேலே ஒட்டிய தாளைக் கீறிப் பார்த்தாலே அடியில் எண் இல்லை என்பது தெரிந்திருக்கும், ஒரு நிமிஷ வேலை. அவள் ஜன்னலில் வைத்துச் செய்ததைத்தான் நான் மேஜையில் வைத்துச் செய்திருக்கிறேன். அவளுக்காவது அன்றைக்குப் பதினான்கு வயது. உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன், மருந்து வேலை செய்யலடா தம்பி, நான்தான் தப்பா பாத்துட்டேன் என்று. சின்னவள் பெயரைச் சொல்லவில்லை. கேட்டானா, புரிந்ததா தெரியவில்லை, முகம் அசையவில்லை, கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. லேபில் இன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுவேன், பத்திரிகைக்கு அனுப்பிய ஆராய்ச்சிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றாக வேண்டும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது அவர்கள் கையில். அதைப் பற்றி யோசிக்க இப்போது நேரமில்லை.

தெருமுனையில் வண்டிச் சத்தம் கேட்கிறது. எங்கே இருந்தாலும் உனக்கு என் ஆசீர்வாதம் உண்டு, உடம்பைப் பார்த்துக்கொள், காதில் பஞ்சு வைக்காமல் எஞ்சின் அறைக்குள் இறங்காதே. துறைமுகம் வந்ததும் வீட்டுக்குப் போன் போடு. சின்னவள்தான் எடுப்பாள். எடுத்ததும் மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிடாதே. முதலில் சாப்பிட்டாயா என்று கேள். மற்றதை அவளாகச் சொல்வாள், சொல்லத் தெரிந்துவிட்டது அவளுக்கு.

படித்துச் சரிபார்த்தது,
அம்மா